நம்பர் வாங்கியாச்சு

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் நீங்களே கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இப்போதே திட்டிவிடுவது நல்லது. அவர் தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து சனிக்கிழமை மதியம் வரை கிடந்தார். அந்த நேரத்துக்குள் குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம், தெருவில், நான் மூன்று தடவை நின்றிருக்கிறேன். சுவரின் கனம் ஒன்பது அங்குலம். இரண்டு தடவை குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தேன். கதவைத் தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்பது அவரைத் தெரிந்தால்தான் புரியும். எனக்கே இன்னும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொன்று எங்களைப் போலக் கரூர், கும்பகோணம், தேனி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கடன் வாங்கிக் கட்டியவை. மிச்சம் ஒன்று அவருடையது. தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக் கத்தரித் தோட்டம். புதிதாகக் குடிவருகிற எல்லாரிடமும் அவர் இதைச் சொல்வார். "நீ கட்டில் போட்டுக்கினு கீறியே, அங்கதான் எங்கப்பன் எருக்குழி வெட்டி வெச்சிருந்தாரு" என்று என்னிடம் சொன்னது, நாங்கள் பால் காய்ச்சிய அன்று. என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல எருவுதாம்மா" என்று சமாதானமும் சொன்னார்.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஆவடியில். வீட்டிலிருந்தால் கட்டம் போட்ட லுங்கி. பேண்ட் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவும் கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைலுமாக வெளியே வந்தால் எங்கோ மனு கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். இரண்டாவது பேனா எதற்கு என்று கேட்டேன். ஆபீஸில் இருக்கிறவன் கையெழுத்துப் போடப் பேனா இல்லை என்று தப்பித்துவிடக் கூடாதாம்.

முதல் மழைக்காலத்திலேயே அவருடைய வழி எனக்குத் தெரிந்துவிட்டது. காற்றில் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து தெருவுக்குக் குறுக்கே விழுந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனோம். நாலு பேர் பிடித்தால் கால் மணி நேர வேலை. அவர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"கை வெக்காத சார். நீ எட்த்துப் போட்டுட்டா அப்பறம் அவன் இன்னாத்துக்கு வருவான்?"

எவன் என்று கேட்டேன். ஆபீஸ்காரன் என்றார். அன்றைய செய்தித்தாளை வீட்டிலிருந்து எடுத்துவந்து கிளையின்மேல் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்து, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். தேதி தெரிய வேண்டும், அதுதான் சாட்சி என்றார். பிறகு புகார் எண்ணுக்குப் பேசவைத்தார். எண் வந்ததும் நான் அதைக் கையிலேயே குறித்துக்கொண்டேன். "நம்பர் வாங்கிட்டியா? அவ்ளோதான் நைனா. இனிமே அது அவன் தலவலி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிளை பதினோரு நாள் கிடந்தது. வண்டிகளெல்லாம் சாக்கடை ஓரமாக உரசிக்கொண்டு போயின. ஒருநாள் ஒரு பெண்மணி ஸ்கூட்டியோடு சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் லாரி வந்து கிளையை அள்ளிப் போனது. அவர் கேட்டருகே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தது. ஆனால் லாரி வந்துவிட்டதே, என்ன சொல்ல முடியும்?

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அவர் வாலிபராக இருந்தபோது ஊர்க்காரர்களே கூடி ஏரிக் கால்வாயைத் தூர் வாரினார்களாம். மறு வருஷம் கால்வாய் மறுபடி தூர்ந்தபோது ஆபீஸுக்குப் போனால், போன வருஷம் நீங்களே நன்றாகச் செய்தீர்களே, இந்த வருஷமும் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அதற்கடுத்த மழையில் அவர்கள் கத்தரித் தோட்டம் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. "நாம செஞ்சா நம்ம தலையிலயே கட்டிடுவான். அன்னிக்கி முடிவு பண்ணேன், ஒரு துரும்பையும் நகத்தக் கூடாதுன்னு" என்பார்.

அவர் மனுவால் நடந்தவையும் உண்டு. தெருமுனையில் பூக் கட்டுகிற பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். எட்டுத் திங்கட்கிழமை அந்த அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிக் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். இருட்டாகக் கிடந்த தெருவுக்கு மூன்று விளக்குகள் வந்தன. அந்த மூன்று விளக்குகள் எரிந்த முதல் நாள் தெருவே வெளியே வந்து நின்றது. நான் அவருக்கு ஒரு துண்டு வாங்கிப் போர்த்தினேன். அன்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் வந்தது.

கெட்டுப்போனது நாங்கள்தான். ஐந்தாறு வருஷத்தில் தெரு முழுவதும் அவரைப்போல ஆகிவிட்டது. வாட்ஸாப் குழுவில் நல்ல நாளுக்கு வாழ்த்து வருவதைவிடப் புகார் எண்கள் அதிகம் வந்தன. குப்பைத் தொட்டி சாய்ந்து கிடந்தால் நிமிர்த்துகிற ஆள் இல்லை. போட்டோ எடுக்க மூன்று பேர் வருவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், நம்பர் வாங்கியாச்சா என்று கேட்பது வந்தது. முதலில் கேலியாகத்தான் சொன்னோம். பிறகு எப்போது கேலி நின்றது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை தெருவில் நாய் ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலும் செய்தித்தாள் விரிக்கப்பட்டது. இரண்டாம் நாள் என் மனைவி பொறுக்க முடியாமல் ஒரு சட்டி மண்ணும் பிளீச்சிங் பவுடரும் கொண்டுபோய் அதன்மேல் போட்டாள். அவர் வந்து கோபப்படாமல், நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "மண்ணு போட்டுட்டா போட்டோல தெரியாதும்மா." பிறகு ஒரு குச்சியை எடுத்து நாயின் முகத்தருகே இருந்த மண்ணை மட்டும் தள்ளிவிட்டார். என் மனைவி உள்ளே வந்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. "அவரு கெட்டவரு இல்லீங்க. ஆனா எனக்கு அவரப் பாத்தா பயமா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அவருடையது பழைய வீடு. குளியலறை வீட்டுக்குள் கிடையாது. காம்பவுண்டின் மூலையில், தெருச் சுவரை ஒட்டித் தனியாக ஒரு சின்ன அறை. உயரத்தில் தெருவைப் பார்த்து ஒரு காற்றுத் துவாரம். குளித்த தண்ணீர் சுவரிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தெருவோரக் கால்வாயில் விழும். அந்தக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளித்தான் தெருவின் குடிநீர்க் குழாய் இணைப்பு. அதில் நாலு மாதமாகக் கசிவு இருந்தது. அவர் அதற்கு ஏற்கெனவே மூன்று மனு போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டப் போனபோது வழக்கம்போலத் தடுத்துவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம், நாளைக்கு ஆவடியில் மகள் வீட்டுக்குப் போகிறேன், நாலு நாள் இருந்துவிட்டு வருவேன் என்றார். வழியில் ஒரு ஆபீஸ் வேலையும் இருக்கிறது என்றார். அதனால் மகளிடம் வெள்ளி, இல்லாவிட்டால் சனி என்று சொல்லியிருக்கிறார். அவர் போனை எடுக்காவிட்டால் ஏதோ ஆபீஸில் வரிசையில் நிற்கிறார் என்று மகள் நினைத்துக்கொள்வாள். இது நாங்கள் பின்னால் தெரிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை எடுக்கும்போது அவர் வீட்டு மூலையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். கசிவு பெரிதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வந்தால் அதே தண்ணீர். தெருவின் பாதி நீளத்துக்கு ஓடிப் பள்ளத்தில் தேங்கி நின்றது. நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். என் மனைவியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, தெருக் குழாய்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரந்தான் தண்ணி வரும். இது காலைலேர்ந்து விடாம ஓடுதே" என்றாள்.

நல்ல கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதையே புகாரில் சேர்த்தேன். 'காலை முதல் இடைவிடாமல் நீர் வீணாகிறது' என்று எழுதினேன். பக்கத்து வீட்டிலிருந்து செய்தித்தாள் வாங்கி, ஈரத்தில் நனையாமல் ஒரு செங்கல்மேல் விரித்து, போட்டோ எடுத்தேன். புகார் எண் வந்ததும், எல்லாரும் குறித்துக்கொள்ளட்டும் என்று சத்தமாக, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். பெரியவர் ஊரில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் சிரித்தோம். அந்தக் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு சிரித்தோம்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவர் வீட்டு மோட்டார் நடுநடுவே ஓடி நின்றது. மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடுகிற மோட்டார் அது, அவரே எங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஆள் இல்லாத வீட்டில் தொட்டி ஏன் குறைகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் போய் நினைவூட்டல் புகார் ஒன்று பதிந்துவிட்டு வந்தேன். என் மனைவி தண்ணீர் ஓடிய இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைக் காட்டி, இது போர் தண்ணீர், அவர் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது, ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் என்றாள். கேட் உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது, ஆள் ஊரில் இல்லை, புகார் கொடுத்தாயிற்று, அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றேன்.

இப்போது அந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஊருக்குப் போன மனிதர் கேட்டை உள்பக்கம் எப்படித் தாழ் போட்டிருப்பார்?

மதியம் ஒரு மணிக்கு, ஆச்சரியமாக, ஆள் வந்தார். தெருவுக்கு வால்வு திறந்துவிடுகிற ஊழியர்தான். மெலிந்த, நடுத்தர வயது ஆள். நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரே நாளில் வந்துவிட்டாரே என்று எங்களுக்கெல்லாம் பெருமை. அவர் தெருக் குழாயின் வால்வை மூடினார். தண்ணீர் நிற்கவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். யார் வீடு என்று கேட்டார். ஆள் ஆவடிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம். போன் போட்டீர்களா என்று கேட்டார். யாரும் போடவில்லை.

அவர் தம் போனை எடுத்து, என்னிடம் எண் கேட்டு, அழைத்தார். வீட்டுக்குள்ளே மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது. சாத்திய வீட்டுக்குள் ஒரு பழைய பக்திப் பாட்டு மெல்லிசாகக் கேட்டது. ஊழியர் சாவியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, சைக்கிள்மேல் ஏறிச் சுவர் தாண்டிக் குதித்தார். குளியலறைக் கதவை அந்த இரும்பாலேயே நெம்பித் திறக்கிற சத்தம். பிறகு உள்ளிருந்து கேட்டைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இத்தினி பேரு நிக்கிறீங்க. ஒருத்தர்கூட கதவத் தட்டிப் பாக்கலியா சார்?"

பெரியவர் ஒருக்களித்துத் தண்ணீரில் கிடந்தார். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையும் காலும் ஊறி வெளுத்துப் போயிருந்தன. உதடு நீலம். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. நான் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததுகூட அந்த ஊழியர்தான்.

பத்து நாள் கழித்து, அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கட்டிலில் உட்காரச் சொன்னார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம சாய்ங்காலம் உன் கொரல் கேட்டுச்சு நைனா. அதுவரைக்கும் கத்திக்கினுதான் இருந்தேன். தண்ணி சத்தத்துல எங்க கேக்கும்? தொண்ட கட்டிப்போச்சு. நீ வந்து நின்னுக்கினு பேசறது நல்லா கேட்டுது. இன்னோரு தபா கத்தலாம்னு மூச்சு இழுத்தேன். அப்போ நீ நம்பர் படிச்ச."

தலையணையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"சரி, பையன் நம்பர் வாங்கிட்டான், இனிமே வந்துருவாங்கன்னு உட்டுட்டேன். அப்பறம் நான் கத்தவே இல்ல."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் பயங்கரம். நான் சரியாகச் செய்தேன் என்று பாராட்டுகிறார். ஒரு ராத்திரி முழுக்க, உடைந்த இடுப்போடு, குளிர்ந்த தண்ணீரில் கிடந்துகொண்டு, நான் படித்த எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதை என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். ஒரு இலக்கம்கூடத் தப்பவில்லை. நான் கொண்டுபோன மன்னிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆரஞ்சுப் பழப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வந்தானா இல்லியா சொல்லு. தெரு சனம் யாரு வந்தீங்க? அவன்தானே வந்தான்" என்றார். அவர் கணக்கில் அவர்தான் ஜெயித்திருந்தார். அந்த ஊழியர் வந்தது புகாரால்தான். ஆனால் புகார் தெருக் குழாய்க்கு. சுவர் ஏறிக் குதித்தது எந்தப் புகாராலும் இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மகள் அவரை ஆவடிக்கே கூட்டிப் போய்விட்டாள். அங்கே படுத்தபடியே ஒரு மனு எழுதினார். அந்த ஊழியரைப் பாராட்டி, மேலதிகாரிக்கு. நடந்ததை நேரத்தோடு, விவரத்தோடு, சுவர் ஏறிக் குதித்தது, கதவை நெம்பியது உட்பட எழுதியிருந்தார். 'தெருவாசிகள் தங்கள் கடமையைத் தவறாமல் செய்து உரிய நேரத்தில் புகார் அளித்தனர்' என்று ஒரு வரியும் இருந்தது. தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முதல் கையெழுத்து நீ போடு என்றார். போட்டேன். என் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி என் கையிலேயே கொடுத்தாள். மற்ற எல்லாரும் போட்டார்கள். திங்கட்கிழமை நானே லீவு போட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம்பரும் வாங்கிவந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஊழியர் வால்வு திறக்க வந்தபோது நான் ஆசையாக ஓடிப் போய், கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

"மெமோவும் வந்துச்சு சார்."

புகார் பொதுக் குழாய் சம்பந்தமானது. அப்படியிருக்க, அனுமதியில்லாமல் தனியார் வீட்டுச் சுவர் ஏறிக் குதித்ததற்கும், அலுவலகக் கருவியால் கதவை உடைத்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தார்களாம். சாட்சியாக எங்கள் பாராட்டு மனுவின் நகலையே இணைத்திருந்தார்களாம். இருபத்தொரு வீட்டுக் கையெழுத்தோடு. முதல் கையெழுத்து என்னுடையது.

யாரோ ஒரு கிளார்க் படித்திருப்பார், விதி என்ன என்று பார்த்திருப்பார், ஃபைலைத் திறந்திருப்பார். நான் வேண்டுமானால் வந்து சொல்கிறேன், எழுதித் தருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் அவசரமாகத் தடுத்தார்.

"ஐயோ, நீங்க ஒண்ணியும் எழுதாதீங்க சார். இனிமே கேட்டுக்கு வெளில இருக்கற வேலைய மட்டும் பாருன்னுட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆவடிக்குப் போனேன். பெரியவர் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தார். மெலிந்துபோயிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனாவும் இருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இதற்கு ஒரு மனு எழுத ஆரம்பிப்பார், அப்போது ஒரு சண்டை போட்டுவிட வேண்டும் என்று மனத்துக்குள் கச்சை கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.

அவர் பேப்பர் கேட்கவில்லை. மெமோவை யார் போட்டது, எந்தப் பிரிவு என்று எதுவும் கேட்கவில்லை. தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஊறி வெளுத்த தோல் உரிந்து புதுத் தோல் வந்திருந்த கை அது.

"சொவரு ஏறுனத நான்தானே எய்தினேன்" என்றார்.

மகள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள். அவர் தொடவில்லை.

"அவன் ஊடு எங்க கீதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். மேனாம்பேட்டில் என்று கேள்விப்பட்டிருந்தேன். போகலாம் என்றார். எப்போது என்றேன். இப்போது என்றார். மகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் பேண்ட் மாற்றிக்கொள்ளவில்லை. லுங்கியோடே கிளம்பினார். ஃபைலை எடுக்கவில்லை. வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்த பேனாக்களை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

ஆட்டோ பிடித்துப் போனோம். மேனாம்பேட்டில் இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ஒரு சந்தின் கடைசியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வெளியே அந்தச் சைக்கிள் நின்றது. கதவு சாத்தியிருந்தது. நான் அவரை இறக்கி, வாக்கரைப் பிடிக்கவைத்து, வாசல்வரை கூட்டிப் போனேன்.

அங்கே வந்ததும் அவர் நின்றுவிட்டார். எத்தனையோ ஆபீஸ் ஜன்னல்களுக்கு முன்னால் தைரியமாக நின்ற மனிதர், கதவிலிருந்து ஓர் அடி தள்ளி, வரிசையில் நிற்பதுபோல ஒதுங்கி நின்றார். முன்னால் யாருமில்லை. ஒரு கை வாக்கரில் இருந்தது. இன்னொரு கை எதையோ தேடி வெறும் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் எங்களை என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

"தட்டு நைனா" என்றார். குரல் வெளியே வரவில்லை. உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

நான் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை, பலமாக, இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே யாரோ எழுந்து நடந்து வருகிற சத்தம் கேட்டது.